பரிவலுவும் கடிவாளமும்

குதிரையொன்றை விலைக்கு வாங்கச் செல்பவன் அதன் கால்களை நோக்குவான், பற்களை நோக்குவான், ஓடவிட்டு அதன் விரைவையும் அறிந்துகொள்வான். ஆயினும், அதன்மேல் ஏறி வீடு திரும்புமுன் அவன் மறவாது வாங்கும் பொருள் ஒன்றுண்டு. அதுவே கடிவாளம். மோட்டார் வண்டியின் ஆற்றலை நாம் இன்றும் குதிரையின் பெயராலேயே, பரிவலு என்று அளந்து வருகின்றோம். அப்பரிவலுவை நூற்றுக்கணக்கிலே காசு கொடுத்து வாங்கிய ஒரு தலைமுறை, கடிவாளத்தை மட்டும் கடையிலேயே விட்டுவந்த வரலாறுதான் இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்களே, ஐக்கிய அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு தொடக்கம் 1974ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் ‘மசில் கார்’ எனப்படும் ஒருவகை வண்டி பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. தசைமுறுக்குடைய வண்டி என்பது அப்பெயரின் பொருள். நடுத்தர அளவினதாய், சாதாரண குடும்பத்தினரும் வாங்கத்தக்க விலையினதாய் உள்ள வண்டியொன்றில், பெரிய வண்டிகளுக்கென அமைந்த எட்டு உருளை யந்திரத்தைப் பொருத்திவிட்டால் அதுவே மசில் கார். அதனை வாங்க விரும்பியவன், விற்பனை முகவரின் மேசையில் இருந்த கட்டளைத் தாளை நிரப்பவேண்டும். எந்த யந்திரம், எத்தனை காபரேற்றர், எந்தக் கியர்ப்பெட்டி, எந்தப் பின்னச்சு, எந்தப் பிறேக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை குறித்த நீண்ட பட்டியல் அது. அத்தாளில் அவன் இட்ட அடையாளங்களே ஒரு காலத்தின் வரலாறாயின.

தம் கைப்பணத்தைச் செலவிட்ட மக்கள், முன்னே பாயும் ஆற்றலை ஆவலோடு வாங்கி, நிற்கும் ஆற்றலை ஏன் விட்டுவைத்தனர்? அறியாமை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. அவர்கள் கையில் இருந்த அளவுகோல் அத்தகையது. அளவுகோல் எதுவோ, தெரிவும் அதற்கேற்பவே அமையும். இதனைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

கதையின் தோற்றுவாய் 1932ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேதான் ஹென்றி போர்ட் எட்டு உருளை யந்திரத்தை எளியோரும் வாங்கத்தக்க விலையிலே சந்தைக்குக் கொண்டுவந்தார். 65 பரிவலு உடைய அந்த யந்திரம், சில ஆண்டுகளுள் பழைய வண்டிகளின் கொட்டில்களிலே மலிவாகக் கிடைக்கலாயிற்று. கலிபோர்னியாவின் இளைஞர்கள் அதனை வாங்கித் தம் கைகளாலேயே திருத்தினர். வேண்டாத தகடுகளைக் கழற்றி வண்டியின் பாரத்தைக் குறைத்தனர்; காபரேற்றரை ஒன்றுக்கு இரண்டாக்கினர். மூறொக் என்னும் வறண்ட ஏரித் தரையிலே வண்டியை ஓட்டி, மணிக்கு எத்தனை மைல் என்று அளந்தனர். 1937ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியாவில் இதற்கென ஒரு சங்கமும் உருவாயிற்று. விக் எடெல்புறொக் போன்றோர் தம் சொந்த ஓட்டத்துக்கென வார்த்த உறுப்புகள், பின்னர் பிறருக்கு விற்கும் பண்டங்களாயின. இவர்களது முயற்சி ஆபத்து நிறைந்ததே. எனினும், ஒவ்வோர் உறுப்பையும் தாமே கழற்றித் தாமே பூட்டியவர்கள் ஆதலின், ஒன்றை மாற்றினால் மற்றொன்று என்னாகும் என்பதை அவர்களது விரல்கள் அறிந்திருந்தன.

போர் முடிந்தபின் நிலைமை மாறிற்று. 1949ஆம் ஆண்டில் ஒல்ட்ஸ்மொபில் நிறுவனம் 135 பரிவலு உடைய ‘றொக்கற்’ யந்திரத்தை வெளியிட்டது. 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் அரைக்கோள வடிவான எரியறைகளைக் கொண்ட 180 பரிவலு யந்திரத்தைத் தந்தது. 1955இல் அதே யந்திரம் 300 பரிவலுவைத் தொட்டது. அவ்வாண்டிலேயே செவ்ரொலே நிறுவனம் சிறிய, பாரம் குறைந்த, மலிவான எட்டு உருளை யந்திரமொன்றை வெளிக்கொணர்ந்தது. செவ்ரொலேயின் பொறியியலாளர் சோரா ஆர்க்கஸ் டன்டோவ், 1953ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வேகத்தை விரும்பும் இளைஞர் யாவரும் போர்ட் வண்டியிலே ஊறியவர்கள். அவர்களைத் தம் பக்கம் ஈர்க்கவேண்டுமாயின், தொழிற்சாலையே ஆராய்ந்து செய்த சிறப்பு உறுப்புகளை ஆயத்தமாக விற்கவேண்டும் என்பது அதன் சாரம். இளைஞன் கொட்டிலிலே செய்த வேலையைத் தொழிற்சாலை தன் பட்டியலிலே ஏற்றிக்கொள்ளும் காலம் நெருங்கிவிட்டது.

இதே வேளையில் அளவுகோலும் மாறிக்கொண்டிருந்தது. வீதிகளில் நிகழ்ந்த ஓட்டப் போட்டிகளை ஒழுங்குக்குள் கொண்டுவரும் நோக்கத்தோடு 1951ஆம் ஆண்டில் ஒரு தேசிய சங்கம் அமைக்கப்பட்டது. அதன் ஓட்டம் மிக எளிது. இரு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கோ கொடியோ சைகை தரும். கால் மைல், அதாவது 1320 அடி தூரத்தை எது முதலில் கடக்கின்றதோ அதற்கே வெற்றி. வளைவு இல்லை; எதிரே வருவோர் இல்லை; குறுக்கே ஓடும் குழந்தை இல்லை. முடிவெல்லைக்கு அப்பால், வண்டி மெல்ல மெல்ல ஓய்ந்து நிற்பதற்கு நீண்ட வெளி உண்டு. ஆபத்தை வீதியினின்றும் அகற்ற முயன்ற அச்சங்கத்தின் பணி போற்றத்தக்கது. ஆனால் கால் மைல் என்னும் அந்த ஒற்றை எண், ஓட்டக் களத்துக்கு வெளியேயும் பரவி, வண்டியின் தகுதிக்கே இலக்கணமாயிற்று. பிறேக் எவ்வளவு நன்றாயினும் அந்த எண் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது என்பதை நேயர்கள் மனத்திற்கொள்க.

இனி 1964ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் பிரிவுகள் யாவும் ஓட்டப் போட்டிகளினின்றும் விலகவேண்டும் எனக் கட்டளையிட்டிருந்தது. நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட யந்திரத்தைப் பொருத்தலாகாது என்ற விதியும் அந்நிறுவனத்தில் இருந்தது. பொண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய ஜோன் டிலோறியனும் அவருடைய துணைவர்களும் அவ்விதியிலே ஒரு வாயிலைக் கண்டனர். புதிய வண்டி என்றால் தலைமைப் பீடத்தின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே உள்ள வண்டிக்கு மேலதிகத் தெரிவு என்றால் வேண்டியதில்லை. ஆகவே டெம்பெஸ்ற் லெமான்ஸ் என்னும் வண்டியின் பட்டியலில், 295 டொலருக்கு ஒரு தெரிவுத் தொகுதி சேர்க்கப்பட்டது. ஜீ.ரீ.ஓ. என்பது அதன் பெயர்.

அந்த 295 டொலருக்குக் கிடைத்தவை யாவை? 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லீற்றர் கொள்ளளவும் 325 பரிவலுவும் உடைய யந்திரம், இரட்டைப் புகைக்குழாய், தரையிலிருந்து எழும் கியர்த்தடி, விறைப்பான ஸ்பிறிங்குகள், செங்கோடிட்ட ரயர்கள். எங்கள் நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் யந்திரம் 37 பரிவலு உடையது என்பதை நினைவுகூர்ந்தால், இதன் பருமன் விளங்கும். மேலும் பணம் கொடுக்க இசைந்தால், ஒன்றுக்கு மூன்றாகக் காபரேற்றர்களைப் பெற்று 348 பரிவலுவை அடையலாம். 5000 வண்டிகள் விற்றாற் போதும் என்று தொடங்கிய முயற்சியில், முதலாண்டிலேயே 32,450 வண்டிகள் விற்பனையாயின. 1966ஆம் ஆண்டில் அத்தொகை 96,946 ஆக உயர்ந்தது.

கட்டளைத் தாளில் யந்திரத்துக்கு அடுத்தபடியாக அறிவோடு தெரிவுசெய்ய வேண்டியிருந்தது பின்னச்சின் விகிதம். 3.23 என்ற எண்ணின் பொருள் யாதெனில், பின்சக்கரம் ஒருமுறை சுழல, யந்திரத்தினின்றும் வரும் நெடுந்தண்டு 3.23 முறை சுழலும் என்பதே. 4.33 என்ற அச்சை வாங்கினால், வண்டி நின்ற இடத்தினின்றும் வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோலப் பாயும். ஆனால், அதே வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்லும்போது யந்திரம் மூன்றிலொரு பங்கு கூடுதலாகச் சுழலவேண்டும். இரைச்சல் மிகும், பெற்றோல் கரையும், யந்திரம் விரைவில் தேயும். யந்திரத்தை மாற்றாமலே வண்டியின் குணத்தை மாற்றவல்ல மலிவான தெரிவு இது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கொடுக்கவேண்டும் என்ற பாடத்தை, இப்பட்டியலின் எல்லாத் தெரிவுகளிலும் தெளிவாகக் கற்பித்ததும் இதுவே. சனிக்கிழமை ஓட்டக் களத்துக்காக வாங்கிய அச்சோடு, திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குச் சென்று வந்தவர்கள் பலர்.

பிறேக்கோ? அங்கேதான் குறை இருந்தது. 325 பரிவலு ஏறிய ஜீ.ரீ.ஓ. வண்டியின் டிறம் பிறேக்குகள், சாதாரண டெம்பெஸ்ற் வண்டியில் இருந்தவையே. உலோகம் கலந்த தடைப்பட்டிகளை மேலதிக விலைக்குப் பெறலாம், அதற்குமேல் வழியில்லை. அக்காலத்து மோட்டார்ச் சஞ்சிகைகள் சில இக்குறையை வெளிப்படையாகவே எழுதின. வாங்குவோர் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இங்கே சிறிது பௌதிகம் கூறுதல் தவிர்க்கவியலாதது. ஓடும் வண்டியின் இயக்கச் சத்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும். மணிக்கு 30 மைல் வேகத்தை 60 ஆக்கினால் சத்தி இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. வண்டியை நிறுத்துதல் என்பது அச்சத்தி முழுவதையும் வெப்பமாக மாற்றிக் காற்றிலே விடுதலேயாகும். டிறம் பிறேக்கிலே, முரசு போன்ற மூடிய இரும்பு வளையத்தினுள் இரண்டு பட்டிகள் உள்ளிருந்து விரிந்து உரசுகின்றன. வெப்பம் வெளியேற வழி குறைவு. சூடேறிய வளையம் விரிந்து பட்டியைவிட்டு அகல்கிறது. பட்டியின் பிடிப்பும் தளர்கிறது. முதன்முறை நன்றாக நின்ற வண்டி, மூன்றாம் நான்காம் முறை மிதிக்கும்போது நிற்க மறுக்கும். டிஸ்க் பிறேக்கிலோ திறந்த காற்றிலே சுழலும் ஓர் இரும்புத் தட்டை இருபுறமிருந்தும் பட்டைகள் கவ்வுகின்றன. வெப்பம் எளிதில் அகலும். தட்டு சூட்டால் விரிந்தாலும் பட்டையை நோக்கியே விரியும்.

இந்த உண்மை அமெரிக்கர் அறியாத மறைபொருள் அன்று. பிரான்சிலே 24 மணி நேரம் நடைபெறும் லெமான்ஸ் ஓட்டத்தில், 1953ஆம் ஆண்டு ஜாகுவார் வண்டிகள் டிஸ்க் பிறேக்கின் துணையோடு வென்றன. நீண்ட நேர்வீதியின் முடிவில், பிறர் அஞ்சிப் பிறேக் மிதித்த இடத்தையும் தாண்டிச் சென்று அவற்றின் சாரதிகள் மிதிக்க முடிந்தது. நிற்கத் தெரிந்தவனே விரைந்து செல்லவும் வல்லவன் என்பதை உலகம் அன்றே கண்டது. இருந்தும், பொண்டியாக் ஜீ.ரீ.ஓ.வின் பட்டியலில் முன்சக்கர டிஸ்க் பிறேக் இடம்பெற்றது 1967ஆம் ஆண்டிலேதான். அதுவும் தனி விலைக்குரிய தெரிவாகவே. டெம்பெஸ்ற் லெமான்ஸ் வண்டிக்குப் பெயர் தந்த போட்டியூர் லெமான்ஸ்; அவ்வூர் கற்பித்த பாடம் வந்து சேர மட்டும் ஆண்டுகள் பல ஆயின.

தொழிற்சாலையின் பட்டியல் போதாதென்று எண்ணியவர்களுக்கு முகவர்களே மேலும் ஒரு பட்டியலை வைத்திருந்தனர். மிச்சிகன் மாநிலத்து றோயல் ஓக் நகரில் இருந்த றோயல் பொண்டியாக் என்னும் முகவர் நிலையம் ‘பொப்கற்’ என்ற பெயரில் ஒரு திருத்தத் தொகுதியை விற்றது. அதில் வியப்பான பொருள் எதுவுமில்லை. மெல்லிய தலைக் கஸ்கற், காபரேற்றருக்குப் புதிய நுண்துளைகள், தீப்பொறி பிறக்கும் நேரத்தை முன்னகர்த்தும் திருத்தம் முதலியனவே அவை. சிறு சிறு மாற்றங்கள் ஒன்றுசேர்ந்து பெரும் பயன் தந்தன. பென்சில்வேனியாவில் டொன் யெங்கோ என்னும் முகவர், கமாரோ வண்டிகளில் 427 கன அங்குல யந்திரத்தைப் பொருத்தி விற்றார். 1969ஆம் ஆண்டில், தொழிற்சாலையின் சிறப்புக் கட்டளை முறையைப் பயன்படுத்தி, அங்கேயே அவ்யந்திரம் பூட்டப்பட்ட வண்டிகளை வரவழைத்தார்.

இந்தக் காலத்தின் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1964ஆம் ஆண்டு மார்ச் மாத ‘கார் அன்ட் டிறைவர்’ சஞ்சிகை, ஜீ.ரீ.ஓ. வண்டி நின்ற நிலையினின்றும் 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் எட்டியதாக வெளியிட்டது. நாடெங்கும் அந்த எண் பேசப்பட்டது. சோதனைக்கு அளிக்கப்பட்ட வண்டியில் இருந்தது 389 கன அங்குல யந்திரமன்று, 421 கன அங்குல யந்திரமே என்பதைப் பொண்டியாக்கின் விளம்பரப் பணியில் முன்னின்ற ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளின் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். அச்சிட்ட எண்ணை நம்பி வண்டி வாங்கியவன், தன் வண்டி அந்த எண்ணைத் தொடாதபோது யாரை நொந்துகொண்டிருப்பான்? பெரும்பாலும் தன்னைத்தான், பின்னர் மேலும் சில உறுப்புகளை வாங்கியிருப்பான்.

இத்தகைய சூழலில், வேறு அளவுகோலால் பிறந்த ஒரு வண்டி உண்டு. 1966ஆம் ஆண்டில் ‘ட்ரான்ஸ் ஆம்’ என்னும் ஓட்டத் தொடர் தொடங்கியது. அது நேர்கோட்டில் ஓடும் கால் மைல் ஓட்டமன்று. வளைந்து நெளிந்து செல்லும் பாதையில், மீண்டும் மீண்டும் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் நெடுநேரம் ஓடவேண்டியது. யந்திரத்தின் அளவு 305 கன அங்குலத்துக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. அவ்விதிக்கமைய 1967ஆம் ஆண்டில் செவ்ரொலே நிறுவனம் ‘இசட் 28’ என்னும் கமாரோவை 302 கன அங்குல யந்திரத்தோடு வெளியிட்டது. அதனைத் தெரிவுசெய்பவன் முன்சக்கர டிஸ்க் பிறேக்கையும் நாற்கியர்ப் பெட்டியையும் சேர்த்தே வாங்கவேண்டும்; வேண்டாம் என்று விடுவதற்கு வழியில்லை. முதலாண்டில் 602 வண்டிகளே விற்பனையாயின. ஆனால் 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் அத்தொடரின் வாகை கமாரோவுக்கே கிட்டிற்று. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே நிறுவனம். போட்டி நேர்கோடாக இருந்தபோது பிறேக் விருப்பத்துக்கு விடப்பட்டது, போட்டியில் வளைவு வந்தபோது பிறேக் கட்டாயமாயிற்று. அளவுகோல் தெரிவை ஆளுகிறது என்று தொடக்கத்திலே கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1968ஆம் ஆண்டில் பிளிமத் நிறுவனம் ‘றோட் றன்னர்’ என்ற வண்டியை 2896 டொலருக்கு விற்றது. ஆடம்பரம் யாவும் நீக்கப்பட்டு, 335 பரிவலு மட்டும் எஞ்சிய வண்டி அது. இளந் தொழிலாளியின் கைக்கு எட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். அவன் விரும்பினால் 426 கன அங்குல ‘ஹெமி’ யந்திரத்தை மேலும் 714 டொலர் கொடுத்துப் பெறலாம். வண்டி விலையில் அது நாலிலொரு பங்கு. டிஸ்க் பிறேக் அங்கும் தனித் தெரிவே. அவன் நிலையில் நின்று சிந்திப்போம். கையிலுள்ள பணம் சிறிது. யந்திரத்துக்குக் கொடுத்த பணம், சந்தி விளக்கு பச்சையாகும்போது எல்லோருக்கும் தெரியும். பிறேக்குக்குக் கொடுத்த பணமோ, நேராத விபத்தாக, யாரும் காணாத நன்மையாகவே பயன் தரும். காணாத நன்மைக்குக் காசு கொடுக்கும் மனம் இருபது வயதில் எளிதில் வருவதன்று. அவனைக் குறை கூறுமுன், அத்தகைய தெரிவை அவன் முன் வைத்தவர்களையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

அரசாங்கம் எண்ணத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டில் றால்ப் நேடர், அமெரிக்க மோட்டார் வண்டிகளின் அமைப்பிலே உள்ள ஆபத்துகளை எடுத்துக்காட்டி எழுதிய நூல் பெரும் கிளர்ச்சியை விளைவித்தது. 1966ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி ஜோன்சன், மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்திலே கையொப்பமிட்டார். அதன் பயனாக, இருக்கைப் பட்டியும், மோதும்போது மடிந்துகொடுக்கும் சுக்கான் தண்டும், ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலைசெய்யும் இரட்டைப் பிறேக் சுற்றும் 1968ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயின. எனினும் வீதி மரணங்கள் உடனே குறையவில்லை. 1972ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டு வீதிகளில் 54,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தனையையும் மசில் காரின் தலையிலே சுமத்துவது நீதியாகாது. மது, நெடுந்தூரப் பயணம், வீதியமைப்பு எனக் காரணங்கள் பல. ஆயினும் ஒவ்வொரு பிறேக்கின் குறைபாடும் எந்தக் கணக்கிலே போய்ச் சேர்கின்றது என்பதை அந்த எண் நினைவூட்டுகின்றது.

1970ஆம் ஆண்டு மசில் காரின் உச்சம். அவ்வாண்டில் செவ்ரொலே நிறுவனத்தின் 454 கன அங்குல யந்திரம் 450 பரிவலு உடையதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் உச்சியை அடைந்த அடியே இறக்கத்தின் முதலடியும் ஆயிற்று. காப்புறுதி நிறுவனங்கள் வண்டியின் பாரத்தையும் பரிவலுவையும் ஒப்பிட்டு, இளைஞர்களிடம் மிகையான கட்டணம் அறவிடலாயின. 1970ஆம் ஆண்டின் இறுதி நாளிலே ஜனாதிபதி நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஈயம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்றவாறு 1971ஆம் ஆண்டு வண்டிகளின் அமுக்க விகிதத்தை ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் குறைத்தது. அளவிடும் முறையும் மாறிற்று. முன்னர் யந்திரத்தைத் தனியே ஒரு மேடையிலே பூட்டி, காற்று வடிகட்டி, மின்பிறப்பி, புகைக்குழாய் முதலிய சுமைகள் இல்லாமல் அளந்தனர். 1972ஆம் ஆண்டு முதல், வண்டியில் உள்ளவாறே யாவற்றையும் பூட்டி அளந்தனர். 1971ஆம் ஆண்டின் 454 கன அங்குல யந்திரமொன்று பழைய முறையில் 365 பரிவலு; புதிய முறையில் 285. யந்திரம் ஒன்றே, குறைந்தது எண் மட்டுமே. வாங்கியவர்கள் அதுகாறும் காசு கொடுத்த குதிரைகளிற் பல, மேடையை விட்டு வீதிக்கு வந்ததேயில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

1973ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுள் பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டொலராக இருந்த விலை 12 டொலரை அண்மித்தது. 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாடெங்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லை சட்டமாயிற்று. அவ்வாண்டின் ஜீ.ரீ.ஓ. 200 பரிவலுவோடு வெளிவந்தது. 7058 வண்டிகளோடு அந்த வரிசையும் முடிவுற்றது. விந்தை யாதெனில், முன்சக்கர டிஸ்க் பிறேக் அமெரிக்க வண்டிகளில் பொதுவழக்காகப் பரவியதும் அந்த ஆண்டுகளிலேதான். குதிரை போனபின் கடிவாளம் வந்து சேர்ந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னர் மசில் கார் மீண்டும் எழுந்தது. 2005ஆம் ஆண்டு மஸ்டாங்கும், 2008ஆம் ஆண்டு டொட்ஜ் சலெஞ்சரும், 2010ஆம் ஆண்டு கமாரோவும் பழைய வடிவங்களை நினைவூட்டி வந்தன. 2015ஆம் ஆண்டின் சலெஞ்சர் ‘ஹெல்கற்’ 707 பரிவலு உடையது. அதற்கு இரண்டு சாவிகள் வழங்கப்பட்டன. சிவப்புச் சாவி முழு வலுவையும் திறக்கும். கறுப்புச் சாவி 500 பரிவலுவோடு நிறுத்திவிடும். எவ்வளவு வலு வேண்டும் என்ற தெரிவு, வாங்கும் நாளோடு முடியாது ஒவ்வொரு நாட் காலையிலும் எழுகின்றது என்பதைத் தொழிற்சாலையே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அந்தச் சலெஞ்சரின் உற்பத்தி 2023ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது.

ஆயினும் வரலாற்று மாணவனின் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது 707 என்ற எண்ணன்று. அதே 2015ஆம் ஆண்டில் மஸ்டாங் ஜீ.ரீ. வண்டிக்குப் போர்ட் நிறுவனம் அளித்த ஒரு தெரிவுத் தொகுதியே. செயற்றிறன் தொகுதி என்பது அதன் பெயர். பெரிய முன்சக்கர டிஸ்க் பிறேக், பெரிய றேடியேற்றர், விறைப்பான முன் ஸ்பிறிங், 3.73 விகிதப் பின்னச்சு, அகன்ற ரயர் ஆகியவை அதில் அடங்கும். யந்திரத்தின் வலு 435 பரிவலு. தொகுதியை வாங்கினாலும் 435, வாங்காவிடினும் 435. 1964ஆம் ஆண்டின் தொகுதி வலுவைத் தந்து பிறேக்கை விட்டது. 2015ஆம் ஆண்டின் தொகுதி வலுவை ஓர் இம்மியும் கூட்டாது பிறேக்கைத் தந்தது. ‘செயற்றிறன்’ என்ற சொல்லின் பொருள் ஐம்பது ஆண்டுகளில் எவ்வளவு மாறிவிட்டது!

புதிய வண்டியை வாங்கி, அதன் திறனைக் கூட்ட எண்ணும் ஒருவனுக்கு இவ்வரலாறு காட்டும் ஒழுங்கு தெளிவானது. முதலில் தரையைப் பற்றும் ரயர்; அடுத்து நிறுத்தும் பிறேக்; அடுத்து வெப்பத்தை அகற்றும் ஏற்பாடு; அதன்பின் தன் பயணத்துக்கு ஏற்ற பின்னச்சு; இவை யாவும் அமைந்தபின்னரே மேலதிக வலு. முதல் மூன்றும் தாம் பெற்ற வலு முழுவதையும் பயன்படுத்த உதவுவன. கடைசியானதோ முன்னவை இல்லாவிடிற் பாழாவது. இன்று கணினிக் கட்டளையை மாற்றியே பரிவலுவைக் கூட்டிவிடலாம். காபரேற்றரைக் கழற்றிய கைகளுக்குக் கிடைத்த அறிவு, அந்த வழியிலே தானாக வருவதில்லை. புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை அகற்றுவது அமெரிக்காவில் இன்றும் சட்டவிரோதமானது என்பதையும் அவன் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அளவிடக்கூடியதை மட்டும் விரும்புதல் மனித இயல்பு. நொடியும் பரிவலுவும் அச்சிலே ஏறும். நேராத விபத்து எந்தச் சஞ்சிகையிலும் அச்சேறுவதில்லை. ஆதலின், ஒரு பொருளைத் தெரிவுசெய்ய உட்காரும்போது, பட்டியலிலே எது பெரிய எழுத்திலே இருக்கிறது என்று நோக்குவதோடு நில்லாது, நாம் எந்த அளவுகோலைக் கையிலே பிடித்திருக்கின்றோம் என்பதையும் நோக்குவோமாக. வீதி என்பது கால் மைல் அன்று. அதற்கு வளைவு உண்டு, சந்தி உண்டு, குறுக்கே வருவோரும் உண்டு. அங்கே விரைந்து புறப்பட்டவனைவிட, வேண்டிய இடத்தில் நின்றவனே வீடு போய்ச் சேர்கிறான்.